ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகளில் மாணவர் பாதுகாப்பு: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபிரட்டர்னிட்டி என்பது ஆண்களுக்கான சங்கம், சொராரிட்டி பெண்களுக்கானது. கிரேக்க எழுத்துகளில் ஒரு பெயர், தேசிய அளவில் ஒரு தலைமையகம், கல்லூரிதோறும் 'சாப்டர்' என்ற கிளை. பல சாப்டர்களுக்குத் தனி வீடு உண்டு. 18 வயதில் உள்ளே வரும் மாணவரை வழிநடத்துபவருக்கு இருபதோ இருபத்தொன்றோதான் வயது. ஃபிரட்டர்னிட்டி வீடுகள் பலவற்றில் இரவில் பெரியவர் என்று ஒருவரும் இருப்பதில்லை. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளும் இவற்றில் சேர்கிறார்கள். தெற்காசிய மாணவர்களே தொடங்கிய சிக்மா பீட்டா ரோ (1996, பென்சில்வேனியா பல்கலைக்கழகம்), டெல்டா ஃபை ஒமேகா (1998, ஹூஸ்டன் பல்கலைக்கழகம்) போன்றவையும் இருக்கின்றன. சாப்டரில் பொறுப்பு ஏற்றிருப்பவர்கள், சேர நினைப்பவர்கள், அவர்களின் பெற்றோர் ஆகிய மூவருக்குமாக இது எழுதப்பட்டிருக்கிறது.

2017 பிப்ரவரி 2, பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், பீட்டா தீட்டா பை வீடு. புதிதாகச் சேர்ந்த 19 வயது டிமோத்தி பியாட்சாவுக்கு 82 நிமிடங்களில் 18 முறை மது கொடுக்கப்பட்டது. இரவு பதினொரு மணியளவில் அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் விழுந்தார். அவசர உதவி எண்ணான 911-க்கு அழைப்பு போனது மறுநாள் காலை 10.48-க்கு. 4-ஆம் தேதி இறந்தார். வீட்டிலிருந்த கேமராக்களில் இடைப்பட்ட நேரம் பதிவாகியிருந்தது. சோபாவில் கிடத்தியிருக்கிறார்கள், முகத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அறைந்து எழுப்பப் பார்த்திருக்கிறார்கள், மல்லாந்துவிடாமல் இருக்கப் பொருள் நிரப்பிய பையை முதுகில் மாட்டியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம் என்று சொன்ன ஒருவரைப் பிடித்துத் தள்ளியும் இருக்கிறார்கள்.

இந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் நம் பிரச்சினை. மது, ஹேஸிங் (புதியவர்களைச் சேர்க்கும்போது செய்யும் கொடுமைகள்), போதை மருந்து என்று காரணம் எதுவானாலும், பிழைத்திருக்க வேண்டியவர் இறப்பது பெரும்பாலும் முதல் அறிகுறிக்கும் 911-க்கும் இடையில்தான். ஆகவே சாப்டர் போடும் ஒவ்வொரு விதியையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது அந்த இடைவெளியைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? 'ஒழுங்கு விதிகள்' என்று ஐம்பது பக்கம் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கும் சாப்டர்கள் உண்டு. அந்தக் கையெழுத்து பயத்தைக் கூட்டினால் விதியே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

படி 1: செமஸ்டர் தொடங்குமுன் பயத்தை எடுங்கள்

உதவிக்கு அழைக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் புதிராக இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பதில் சொல்லி வைக்க வேண்டும். நள்ளிரவில் யாரும் சட்டம் படிக்கப் போவதில்லை.

முதல் பயம் வயது. அமெரிக்காவில் மது அருந்த 21 ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் மருத்துவ உதவிக்கு அழைத்தவரையும் உதவி தேவைப்பட்டவரையும் வயதுக்குறைவான குடிக்காகத் தண்டிக்காத சட்டம் இருக்கிறது. நிபந்தனைகள் பொதுவாக மூன்று: பெயரைச் சொல்ல வேண்டும், உதவி வரும்வரை கூடவே இருக்க வேண்டும், வருபவர்களோடு ஒத்துழைக்க வேண்டும். உங்கள் மாநிலச் சட்டத்தையும் பல்கலைக்கழக விதியையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஒவ்வொரு மாடியிலும் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எல்லோரும் படிக்கும் சுவர் அதுதான்.

இரண்டாவது, சாப்டரை மூடிவிடுவார்கள் என்ற பயம். தலைவர் முதல் கூட்டத்திலேயே எழுந்து, "911 அழைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அழைத்ததற்காக இந்த வீட்டில் யாரும் யாரையும் ஒரு சொல் கேட்கக் கூடாது" என்று சொல்லி, அதைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். "முதலில் தலைவருக்கோ ரிஸ்க் மேனேஜருக்கோ (சாப்டரின் பாதுகாப்புப் பொறுப்பாளர்) சொல்லுங்கள்" என்று பழைய விதி இருந்தால் அன்றே நீக்குங்கள். தலைவர் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது அவரே குடித்திருப்பார்.

மூன்றாவது, பணம். ஆம்புலன்ஸ் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டலாம். இதைச் சொல்லித் தடுப்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். காப்பீடு எவ்வளவு தரும் என்று முன்பே விசாரியுங்கள். சந்தாப் பணத்தில் ஒரு தொகையை இதற்கென ஒதுக்கி, "கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டால் அந்த வாதம் எழாது.

நான்காவது நம் மாணவர்களுக்கே உரியது: விசா. மருத்துவ உதவிக்கு அழைப்பது வேறு, குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதாவது வேறு. பின்னதில் வழக்கு முடியுமுன்பே விசா ரத்தாகக் கூடும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு டிரிங்க் குடித்திருந்தாலும் சாவியைத் தொடக் கூடாது. போலீஸ் ஏதேனும் சீட்டு கொடுத்தால் மறுநாளே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் ஒரு வழக்கறிஞரிடமும் போக வேண்டும்.

படி 2: மதுவின் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 5 சதவீத பீர் என்றால் 355 மில்லி, 12 சதவீத வைன் என்றால் 148 மில்லி, 40 சதவீத விஸ்கி, வோட்கா என்றால் 44 மில்லி. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆண் 5, பெண் 4 குடித்தால் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 சதவீதத்தைத் தொடும். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு டிரிங்கைத்தான் வெளியேற்றும். அளவு மணிக்கு 0.015 வீதம் இறங்கும். 0.30-இல் இருப்பவர் பூஜ்யத்துக்கு வர 20 மணி நேரம் ஆகும். காபி, குளிர்ந்த நீர், நடை எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது? பெரிய வாளியில் கலக்கும் 'ஜங்கிள் ஜூஸ்' என்ற பானத்தில். பழச்சாறோடு 95 சதவீதச் சாராயத்தைக் கலந்து 20 சதவீதமாக்கினால் சுவையில் பெரிதாகத் தெரியாது. சிவப்பு பிளாஸ்டிக் குவளையில் அதை 355 மில்லி ஊற்றினால் 4 டிரிங்க். குடிப்பவர் மனத்தில் 'ஒரு கிளாஸ்'. 750 மில்லி விஸ்கிப் பாட்டில் என்பது 17 டிரிங்க், ஒரு லிட்டர் என்றால் 22-க்கும் மேல். 2021 மார்ச்சில் ஓஹாயோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் இறந்த 20 வயது மாணவர், தன் கையில் கொடுக்கப்பட்ட ஏறக்குறைய ஒரு லிட்டர் பாட்டிலை ஒரே இரவில் குடித்திருந்தார்.

அளவு இறங்குவதற்கு முன் ஏறும் என்பதையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். கடைசி மடக்கு வயிற்றுக்குள் போன பிறகும் அது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். 'தூங்கட்டும், சரியாகிவிடும்' என்று படுக்க வைத்தவர் படுத்த பிறகே மோசமாவது இதனால்தான்.

ஆகவே சில விதிகளில் பேரம் கிடையாது. வாளி, கெக் எனும் பீர் பீப்பாய், பொதுக் கிண்ணம் எதுவும் கூடாது. ஃபிரட்டர்னிட்டிகளின் வட அமெரிக்கக் கூட்டமைப்பு, 15 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை 2019 செப்டம்பர் முதல் சாப்டர் வீடுகளிலும் நிகழ்ச்சிகளிலும் தடை செய்திருக்கிறது. உரிமம் பெற்ற வெளி விற்பனையாளர் பரிமாறினால் மட்டும் விலக்கு. அவரவர் கொண்டுவரும் முறை என்றால் 21 நிரம்பியவருக்கு 355 மில்லி பீர் 6, அதற்கு மேல் இல்லை. கண்ணாடிப் பாட்டில் கூடாது. சாப்டர் பணத்திலோ, செல்போன் செயலியில் ஆளுக்குப் பத்து டாலர் திரட்டியோ மது வாங்கக் கூடாது. விதியை மீறுவதோடு, அந்தக் கட்டணப் பதிவு பின்னால் வழக்கில் சாட்சியாகவும் வந்து நிற்கும்.

எங்களைக் கேட்டால் மதுவே இல்லாத வீடுதான் எளிய வழி. ஃபை டெல்டா தீட்டா 2000-இல் தன் வீடுகளை அப்படி மாற்றியது. ஆனால் அதே சங்கத்தின் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகச் சாப்டரில்தான் 2017 செப்டம்பரில் 18 வயது மாணவர் ஒருவர் இறந்தார். சங்கத்தைப் பற்றிய கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் சாராயம் குடிக்க வேண்டும் என்பது அன்றைய 'விளையாட்டு'. அவர் ரத்தத்தில் 0.495 இருந்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது, கதவருகே நிற்க ஆள் வேண்டும்.

படி 3: விருந்து இரவு

விருந்தினர் பட்டியலை முந்தின நாளே முடித்து மூடுங்கள். கூட்டமைப்பின் விதிப்படி ஓர் உறுப்பினருக்கு மூன்று விருந்தினர் உச்சவரம்பு. அதற்கும் மேலே நிற்பது தீயணைப்புத் துறை குறிக்கும் கொள்ளளவு. பட்டியலில் இல்லாதவரை விடும் ஒரே ஒரு விலக்கு கொடுத்தாலும் பத்தாவது நிமிடம் வாசலில் ஐம்பது பேர் நிற்பார்கள்.

நுழைவாயில் ஒன்றே ஒன்று இருக்கட்டும், வெளியேறும் வழிகள் எல்லாம் திறந்திருக்கட்டும். இதைத் தலைகீழாகச் செய்து பின்கதவைப் பூட்டி வைக்கும் வீடுகள் அநேகம். வாசலில் அடையாள அட்டை பார்த்து, 21 ஆனவர்களுக்குக் கைப்பட்டை. மாடிப் படுக்கையறைகளுக்குப் போகும் வழியில் ஓர் ஆள். மொட்டை மாடிக் கதவு, பால்கனி, பெரிய ஜன்னல் ஆகியவற்றைத் தடுத்து வையுங்கள். குடித்தவர் உயரத்திலிருந்து விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

அன்றிரவு ஒரு சொட்டும் குடிக்காமல் பார்த்துக்கொள்பவர்களை 'சோபர் மானிட்டர்' என்பார்கள். இருபது பேருக்கு ஒருவர் வேண்டும், எவ்வளவு சிறிய கூட்டமானாலும் நால்வருக்குக் குறையக் கூடாது: வாசல், மது பரிமாறும் இடம், மாடிப்படி, சுற்றி வர ஒருவர். பலர் செய்யும் தவறு, இந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில் கட்டுவது. பத்தொன்பது வயதுப் புதியவர் இருபத்திரண்டு வயது மூத்தவரின் கையிலிருந்து குவளையை வாங்குவாரா? மாட்டார். மூத்தவர்களும் நிர்வாகிகளும்தான் முறை வைத்து நிற்க வேண்டும். பளிச்சென்ற ஒரே நிறச் சட்டை, சார்ஜ் ஏற்றிய போன், பாக்கெட்டில் வீட்டின் முழு முகவரி. நள்ளிரவில் சொந்த வீட்டின் கதவிலக்கம் மறந்துபோவது சாதாரணம்.

தண்ணீரும் வயிறு நிறையும் சாப்பாடும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். உப்புக் கடலை மட்டும் வைத்தால் தாகத்தில் இன்னும் குடிப்பார்கள். பீட்சா, சாண்ட்விச் நல்லது. முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மதுவை நிறுத்துங்கள். முடிந்த பிறகு சோபர் மானிட்டர்கள் கழிப்பறை, படிக்கட்டு, பின்தோட்டம், கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்த பிறகே கலைய வேண்டும்.

சொராரிட்டிகளுக்கு இங்கே ஒரு சிக்கல். அவர்களின் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கங்களின் வீடுகளில் பெரும்பாலும் மதுவே கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. விளைவு, பெண்கள் குடிக்கப் போவது ஃபிரட்டர்னிட்டி வீட்டுக்கு. அங்கே கதவும் மதுவும் படுக்கையறைச் சாவியும் அவர்கள் கையில் இல்லை. கூட்டாக நடத்தும் நிகழ்ச்சி என்றால் சொராரிட்டி தன் சோபர் மானிட்டர்களைத் தானே அனுப்ப வேண்டும், பரிமாறும் இடத்தில் தன் ஆள் ஒருவரை நிறுத்த வேண்டும், திரும்பி வரும் பேருந்தைத் தானே அமர்த்த வேண்டும். எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேர் திரும்பினார்களா என்று பெயர் கூப்பிட்டுச் சரிபாருங்கள். இதற்கு ஒப்பாத வீட்டோடு நிகழ்ச்சி வைக்க வேண்டாம்.

படி 4: ஒருவர் விழுந்துவிட்டால்

இவற்றில் ஒன்று இருந்தாலும் 911. எல்லாம் சேர்ந்து வரக் காத்திருக்கக் கூடாது.

- தோளை உலுக்கியும் உரக்கக் கூப்பிட்டும் எழவில்லை
- நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு, அல்லது இரண்டு மூச்சுகளுக்கு இடையே 10 விநாடிக்கு மேல் இடைவெளி
- அரைமயக்கத்தில் வாந்தி
- வலிப்பு
- உதடு, நகம் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுதல். சில்லென்று ஈரமான தோல்
- தலையில் அடிபட்ட எந்த விழுகையும், அவர் எழுந்து பேசினாலும்

அழைத்ததும் முதலில் முகவரி. இணைப்பு துண்டித்தாலும் வண்டி கிளம்பிவிடும். பிறகு நிலை: "மயக்கம், மூச்சு இருக்கிறது, வாந்தி எடுத்தார்." எதை எவ்வளவு குடித்தார், மாத்திரை ஏதேனும் சேர்ந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் வைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்க, இன்னொருவர் முன்கதவைத் திறந்து விளக்குகளைப் போட்டு, பாட்டை நிறுத்தி, நடைபாதையை ஒழிக்க வேண்டும்.

மூச்சு விடுகிறார், ஆனால் நினைவில்லை என்றால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு, உங்கள் பக்கத்துக் கையை அவர் தலைக்கு மேலாக நீட்டுங்கள். மறுபக்கத்து முழங்காலை மடக்கி, அந்தப் பக்கத்துத் தோளையும் இடுப்பையும் பிடித்து, தலை தரையில் மோதாமல் உங்களை நோக்கி உருட்டுங்கள். தலை சற்றே பின்னால் சாய்ந்து வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். மடக்கிய கால் அவர் மீண்டும் கவிழாமல் தாங்கும். விழுந்து கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் அசைக்காதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் தலை, கழுத்து, உடல் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து உருட்டுங்கள். மூச்சு நின்றாலோ, விட்டு விட்டு இழுத்தாலோ, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்குங்கள். சாப்டரில் பாதிப் பேராவது இந்தப் பயிற்சி பெற்றிருப்பது நல்லது.

முதுகில் பை மாட்டுவது வேண்டாம். பென் ஸ்டேட்டில் செய்தது அதுதான். உருளாமல் தடுக்குமே தவிர மூச்சைப் பார்க்காது. அதை மாட்டியதும் 'பாதுகாப்பாகிவிட்டார்' என்று எல்லோரும் கலைந்துபோவார்கள். குளிர்ந்த நீரில் நிறுத்தினால் உடல்சூடு இன்னும் இறங்கும், வழுக்கி விழுவார். வாந்தி வரவழைக்க விரலை விட்டால், தொண்டை மரத்திருப்பதால் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

911 அழைக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் சந்தேகம் என்றால், குடிக்காத ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். விஷக் கட்டுப்பாட்டு மையம் 1-800-222-1222 இருபத்து நான்கு மணி நேரமும் ஆலோசனை தரும்.

படி 5: புதியவர்களைச் சேர்க்கும் வாரங்கள்

ஹேஸிங் என்றதும் நமக்கு ராகிங் நினைவுக்கு வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்ட பின் தமிழ்நாட்டில் 1997-இல் தடைச் சட்டம் வந்தது, இலங்கையில் 1998-இல். ஆனால் ராகிங்கில் மாட்டும் மாணவர் அதைத் தேடிப் போவதில்லை. ஹேஸிங்கில் அவர் விரும்பிச் சேர்கிறார், எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், வெளியே சொல்ல மறுக்கிறார். 2008-இல் வெளியான மெய்ன் பல்கலைக்கழக ஆய்வின்படி, ஹேஸிங்கை அனுபவித்து அதை ஹேஸிங் என்று உணர்ந்தவர்களில் 95 சதவீதம் பேர் கல்லூரி அதிகாரிகளிடம் புகார் செய்யவில்லை. புகார் வராததைப் பாதுகாப்பின் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான கூட்டாட்சியின் ஹேஸிங் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. "அவரே குடித்தார்" என்ற வாதம் அங்கே செல்லாது. ஹேஸிங் எண்ணிக்கையை ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்க்கவும், விதி மீறிய சங்கங்களின் பெயரையும் தண்டனையையும் தளத்தில் வெளியிடவும் கல்லூரிகள் கடமைப்பட்டிருக்கின்றன. பென்சில்வேனியா (2018), லூயிசியானா (2018), ஓஹாயோ (2021) ஆகிய மாநிலங்கள் கடுமையான ஹேஸிங்கைச் சிறைக்குரிய பெருங்குற்றமாக்கியுள்ளன.

நாட்காட்டியில் இரண்டு இரவுகளைச் சிவப்பில் குறியுங்கள். ஒன்று, சேரும் அழைப்பை ஏற்கும் இரவு; பியாட்சா விழுந்தது அன்று. இன்னொன்று 'பிக்–லிட்டில்' இரவு: ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு மூத்தவரை அண்ணனாக அறிவிக்கும் சடங்கு. 2017-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம், 2021-இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம், அதே ஆண்டு பௌலிங் கிரீன் ஆகிய மூன்று இடங்களிலும் மாணவர் இறந்தது இந்தச் சடங்கின்போது. மூத்தவர் தன் 'தம்பி'க்கு ஒரு முழுப் பாட்டிலைப் பரிசளிப்பது வழக்கமாகிப் போயிருந்தது. அந்த நிகழ்ச்சியைப் பகலில், மது இல்லாமல், ஓர் உணவகத்தில் வைத்தால் சடங்கு எதையும் இழக்காது. இரவில்தான் வைப்போம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் ஏன் என்று கேளுங்கள்.

சேர்ப்புக் காலத்தைச் சுருக்குங்கள். நான்கு முதல் ஆறு வாரம் தாராளம். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இல் புதியவர் என்ற தனி நிலையையே எடுத்துவிட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் நாள், தொடக்கம், முடிவு, இடம், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை எழுதிப் புதியவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் முன்பே கொடுங்கள். பட்டியலில் இல்லாத எதற்கும் புதியவர்கள் வரத் தேவையில்லை என்பதை அவர்களிடமே சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் வேண்டாம். தூக்கம் கெட்டவர் மறுநாள் காரோட்டுகிறார்.

போனைப் பறிக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அது சிறு விஷயமாகத் தோன்றும், ஆனால் உதவிக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். மது இல்லை என்பதாலேயே ஒரு காரியம் பாதுகாப்பாகிவிடாது. 2005-இல் கலிஃபோர்னியாவின் சிகோவில் குளிரான அடித்தளத்தில் உடற்பயிற்சியோடு அளவில்லாமல் தண்ணீர் குடிக்க வைக்கப்பட்ட மாணவர், ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கி இறந்தார்.

ஒரு காரியம் ஹேஸிங்கா என்று சந்தேகம் வந்தால், பெற்றோரும் டீனும் பார்த்துக்கொண்டிருக்க அதைச் செய்வோமா, மூத்தவர்களும் கூடவே செய்வார்களா, நாளை வீடியோ வெளிவந்தால் சரியா என்று கேளுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' வந்தாலும் விட்டுவிடுங்கள். பெயர் சொல்லாமல் புகார் தர 1-888-668-4293 இருக்கிறது.

மாத்திரை, பாலியல் வன்முறை, தீ, நோய், மனம்

தேர்வு வாரத்தில் நண்பரிடம் வாங்கும் 'படிப்பு மாத்திரை' போலியாக இருக்கலாம், அதில் ஃபென்டனில் என்ற கடும் போதை மருந்து கலந்திருக்கலாம். அதை முறிக்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் 2023 முதல் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கிறது. 4 மில்லிகிராம் தெளிப்பான் இரண்டு கொண்ட பெட்டியை மாடிக்கு ஒன்றாகப் பூட்டாத இடத்தில் வையுங்கள். காரில் வைத்தால் வெயிலில் கெடும். கண்மணி ஊசிமுனை போல் சுருங்கி, மூச்சு குறைந்து, எழுப்ப முடியாதவருக்கு 911 அழைத்துவிட்டு ஒரு மூக்கில் ஒரு தெளிப்பு. 2–3 நிமிடத்தில் மாற்றமில்லை என்றால் மற்ற மூக்கில் அடுத்தது. வேலை செய்தாலும் 30 முதல் 90 நிமிடத்தில் அதன் பலன் தீரும், மயக்கம் திரும்பும். மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். மதுவை இது முறிக்காது. ஆனால் காரணம் தெரியாதபோது கொடுப்பதால் தீங்கில்லை.

பாலியல் வன்முறை நடந்ததாக ஒருவர் சொன்னால் சாப்டர் சொந்தமாக விசாரணை நடத்தக் கூடாது. இரு தரப்பையும் கூட்டி வைத்துப் 'பேசித் தீர்க்கும்' பஞ்சாயத்து பெருங்கேடு. அவரை நம்புங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றியிருந்தால் பழைய உடையைக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். பல மாநிலங்களில் 120 மணி நேரம் வரை மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். போலீஸ் புகார் கட்டாயமில்லை, பரிசோதனைக்குக் கட்டணமும் இல்லை. பானத்தில் ஏதோ கலந்திருந்தார்கள் என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரைச் சேமியுங்கள், ஜி.எச்.பி. என்ற மயக்க மருந்து சுமார் 12 மணி நேரத்தில் மறைந்துவிடும். பல்கலைக்கழகத்தில் யாரிடம் சொன்னால் ரகசியமாக இருக்கும், யார் மேலிடத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்பது வேறுவேறு. ஆலோசகரும் மருத்துவரும் பெரும்பாலும் ரகசியம் காப்பவர்கள். தேசிய உதவி எண் 800-656-4673.

தீயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1996 மே 12 அன்று, வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஃபை காமா டெல்டா வீடு எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அன்று பட்டமளிப்பு நாள். அதன் பிறகே அந்நகரம் இத்தகைய வீடுகளில் தானாக நீர் தெளிக்கும் குழாய்களைக் கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டில் அவை இல்லையென்றால் முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்க இதைவிட நல்ல காரணம் இல்லை. அடித்தளத்தில் வெளியேற ஒரே வழி என்றால் அங்கே 49 பேருக்கு மேல் கூடக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு ஆளுக்கு 5 சதுர அடி என்பது கணக்கு. அதோடு வழிகளின் அகலத்தையும் பார்த்து அதிகாரி எண்ணைக் குறிப்பார். புகை பிடிக்கும்போது சத்தம் போடக் கூடாதென்று புகை உணரியில் காலுறையை மாட்டியிருப்பார்கள். விருந்துக்கு முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உணரிக்கு ஆயுள் பத்து ஆண்டு. செமஸ்டருக்கு ஒரு முறை, அதிகாலையில், சொல்லாமல் ஓர் ஒத்திகை வையுங்கள்.

தொற்று நோய்க்கு இப்படி நெருங்கி வாழும் வீடு நல்ல விளைநிலம். 2013-இல் பிரின்ஸ்டனில் பி வகை மூளைக்காய்ச்சல் பரவியது. கல்லூரிகள் வழக்கமாகக் கேட்கும் தடுப்பூசி ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு மட்டும். பி வகைக்குத் தனி ஊசி, மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தி–பேதி வைரஸ் வந்தால் ஆல்கஹால் திரவம் கைக்குப் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். தரைக்கு 3.8 லிட்டர் தண்ணீரில் வீட்டு பிளீச் குறைந்தது 75 மில்லி கலந்து துடையுங்கள்.

மனநலத்துக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஓர் உறுப்பினர் சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்தினால், பொருள்களைத் தானம் கொடுக்கத் தொடங்கினால், தனியாக அழைத்து "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் 2022 முதல் நாடு முழுதும் இயங்குகிறது. அழைக்கும்போது கூடவே உட்கார்ந்திருங்கள். சந்தா கட்ட முடியாதவரின் பெயரைக் குழுவில் பகிரங்கமாகப் போடுவது, உடல் எடையைப் பற்றிக் கிண்டலடிப்பது போன்ற பழக்கங்களைச் சொராரிட்டி நிர்வாகிகள் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டும்.

விபத்துக்குப் பின்

911, பிறகு பல்கலைக்கழகத்தின் இரவு அதிகாரி, பிறகு தலைமையகம், சாப்டர் ஆலோசகர் என்ற வரிசையில் அழையுங்கள். பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குச் சொல்வதை மருத்துவமனையிடமோ பல்கலைக்கழகத்திடமோ விடுங்கள். இடத்தைக் கழுவாதீர்கள், பாட்டில்களை எடுக்காதீர்கள், குழுச் செய்திகளையும் வீடியோவையும் அழிக்காதீர்கள். பென் ஸ்டேட் வழக்கில் அழிக்கப்பட்ட அடித்தள வீடியோவைப் புலனாய்வாளர்கள் மீட்டெடுத்தார்கள். அழித்தது தனிக் குற்றச்சாட்டானது. அழைத்தவரைக் குற்றவாளிபோல் பார்க்கும் மனநிலை சாப்டரில் கிளம்பும். தலைவர் முதல் நாளே அவர் பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள்.

சேருமுன், பெற்றோருக்கும்

பிள்ளை ஒரு சாப்டரின் பெயரைச் சொன்னதும் பல்கலைக்கழகத் தளத்தில் ஹேஸிங் வெளிப்படை அறிக்கையைத் தேடி அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். கூடவே இந்த ஆண்டு அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் பட்டியலையும் பாருங்கள். தண்டனை பெற்று அங்கீகாரம் இழந்த சாப்டர்கள் அதே வீட்டில் வேறு பெயரில் 'ரகசியமாக' நடப்பதுண்டு. அவற்றுக்குக் காப்பீடும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

பிள்ளையிடம் "குடிக்காதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், சிக்கல் வரும்போது உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "எந்த நேரமானாலும், நீயே தவறு செய்திருந்தாலும், முதலில் 911, பிறகு எனக்கு. அன்று நான் கேள்வி கேட்க மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். அறைத்தோழர் ஒருவரின் எண்ணையும் வளாகப் போலீசின் நேரடி எண்ணையும் வாங்கிப் போனில் பதிந்துகொள்ளுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து 911 அழைத்தால் போகாது. சேர்ப்பு வாரங்களில் இரவெல்லாம் பதில் இல்லை, காலையிலும் போன் அணைந்திருக்கிறது என்றால் வளாகப் போலீசை அழைத்து, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சாப்டர் வீட்டு முகவரி மூன்றையும் சொல்லி "வெல்ஃபேர் செக்" வேண்டும் என்று கேளுங்கள். போலீஸ் நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள்.